‘வசியமான பொண்ணு’ என்றால் பாராட்டா, பழியா?

சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், எட்டு மாதம் முன்பு மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்துக்கு வாழ வந்திருக்கிறார். வந்த புதிதில் கணவரின் அத்தை ஒருவர், “பொண்ணு நல்ல வசியமா இருக்கா” என்றாராம். போன மாதம் ஒரு காதுகுத்தில் பெரிய மாமியார், “என்ன வசியம் வச்சாளோ, பய அவ சொன்னா சொன்னதுதான்னு நிக்கிறான்” என்று பந்தியில் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அகராதியைப் புரட்டினால் மந்திரத்தால் வசப்படுத்துவது என்றும் இருக்கிறது, கவர்ச்சி என்றும் இருக்கிறது. எது சரி என்று கேட்கிறார். அர்த்தம் மட்டும் வேண்டும் என்றால் அகராதியோடு நின்றிருப்பார். தன்னை மெச்சினார்களா, தன் மேல் பழி போட்டார்களா என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். பிறந்தது அரசலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். சொல்லின் வரலாறு பற்றி உறுதியாகவே பேச முடியும். அந்த இரண்டு பெரியவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதில் ஊகம்தான் சொல்லலாம். மந்திரம் பலிக்குமா என்பதற்கு நான் ஆள் இல்லை. பலித்தது என்று என்னிடம் சொல்லப்பட்ட கதைகளில், நிதானமாக விசாரித்தபோது நிலைத்து நின்ற ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் சொல். வசியமும் வசீகரமும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘வசம்’ என்ற வடசொல்தான் வேர். விருப்பம், ஆளுகை, கட்டுப்பாடு என்று பொருள். “சாவி என் வசம் இருக்கு”, “அவர் தன் வசத்தில் இல்லை” என்று நாம் தினமும் பேசுகிறோமே, அதே வசம். ஒருவரைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவருவது வசீகரணம். அதிலிருந்து வந்ததுதான் வசீகரம். சினிமாப் பாட்டில் காதலனைக் கூப்பிடும் சொல்லாகக் கேட்டுக் கேட்டு, வசீகரம் என்றால் நமக்கு இனிமை மட்டுமே தோன்றுகிறது. வேரைப் பார்த்தால் அதில்தான் ‘அடக்கி ஆளுதல்’ இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. ஆக, வசியம் கெட்ட சொல், வசீகரம் நல்ல சொல் என்ற பிரிவினை பிற்காலத்துப் பழக்கம். ஒன்று ஊர்ப் பேச்சில் தங்கிவிட்டது, மற்றொன்று பத்திரிகைக்கும் பாட்டுக்கும் போய்விட்டது.

மாந்திரீக நூல்கள் எட்டுக் கருமங்கள் என்று வகுத்ததில் வசியமும் ஒன்று. மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம் என்று போய் மாரணத்தில், அதாவது ஆளையே கொல்வதில், முடியும் பட்டியல் அது. எவ்வளவு பயங்கரமான பட்டியல்! ஆனால் அந்தச் சொற்கள் எங்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மோகனம் என்றதும் இந்த டெல்டாவில் எவருக்கும் ராகம்தான் நினைவுக்கு வரும். தம்பனம் என்றால் அசையவிடாமல் கட்டிப்போடுவது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி ராகம் வாசித்தால் கூட்டம் கட்டிப்போட்ட மாதிரி நிற்கும் என்று என் அப்பா சொல்வார். அவர் சொன்னது தம்பனத்தையேதான், ஆனால் அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. மந்திரவாதியின் வாயிலிருந்து ரசிகரின் வாய்க்கு இந்தச் சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. இடம் மாறும்போது பயம் உதிர்ந்து போய், வியப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்ச் சொற்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. மயக்கம் என்றால் அடிப்படையில் கலந்துபோதல். இலக்கண வகுப்பில் திணை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று படித்திருப்பீர்கள். ஒன்றோடொன்று கலந்து எல்லை தெரியாமல் போவது மயக்கம். அப்புறம் அறிவு தடுமாறுவதும், தலை சுற்றுவதும், ஒருவர் மேல் கிறங்குவதும் அதே சொல்லுக்குள் வந்தன. கவர்ச்சியில் இருப்பது கவர்தல், பறித்துக்கொள்ளுதல். சீர்காழியில் ஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகத்தில் இறைவனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்கிறார். கவர்ந்தவன், அதனால் கள்வன். எவ்வளவு அன்பாகச் சொல்லப்பட்ட திருட்டு! (இன்றைக்குக் கவர்ச்சி என்ற சொல்லைச் சினிமாப் பத்திரிகைகள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கவர்ச்சியாக இருக்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.) ஆளை வசப்படுத்தாமல், பறிக்காமல், கலக்காமல் சும்மா இருக்கிற அழகைச் சொல்ல நமக்கு மிச்சமிருக்கும் சொற்கள் களை, லட்சணம் போன்ற சிலதான். அவை ஒருவரின் முகத்தோடு நின்றுவிடுகின்றன. பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வந்தால் உடனே மந்திரவாதியின் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆங்கிலத்தில் இனிய குணத்தைச் ‘சார்ம்’ என்கிறார்கள் அல்லவா? அதற்கு மூலம் ‘கார்மென்’ என்ற லத்தீன் சொல். பாட்டு, மந்திர உச்சாடனம் இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். கையில் கட்டும் தாயத்தையும் சார்ம் என்றே சொல்வார்கள். ‘கிளாமர்’ என்பதும் முதலில் மாயவித்தையைக் குறித்த சொல். அது ‘கிராமர்’, அதாவது இலக்கணம் என்ற சொல்லின் ஸ்காட்லாந்துத் திரிபு. எழுத்துப் படித்தவனுக்கு மந்திரமும் தெரிந்திருக்கும் என்று படிக்காத ஜனங்கள் நம்பிய காலத்தில் பிறந்தது.

பாட்டுதான் மந்திரம் என்ற இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஆற்றுப்படுகை முழுக்க இது நிறைந்து கிடக்கிறது. வேதாரண்யத்தில் அடைத்துக் கிடந்த கோயில் கதவு திறக்க அப்பர் பாடினார், திறந்த கதவு மூடச் சம்பந்தர் பாடினார். இதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது திருமருகல். பெரியபுராணம் சொல்லும் கதை இது. உறவில் முறையுள்ள ஒரு வணிகனை நம்பி, வீட்டை விட்டு அவனோடு வந்த பெண் ஒருத்தி, திருமருகலில் ஒரு மடத்தில் தங்குகிறாள். இரவில் அவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. விஷம் இறக்கும் மந்திரக்காரர்கள் வந்து பார்த்துக் கைவிட்டுவிடுகிறார்கள். இன்னும் தாலி ஏறவில்லை, அதனால் அவனைத் தொடக்கூட முடியாமல் பக்கத்தில் விழுந்து அழுகிறாள். அந்த அழுகுரல் கேட்டு வந்த சம்பந்தர் ‘சடையாய் எனுமால்’ என்று பாடுகிறார். விஷம் இறங்கி அவன் எழுந்திருக்கிறான். மணமும் நடக்கிறது.

அந்தப் பதிகத்தில் பாம்பும் விஷமும்தான் பேச்சாக இருக்கும் என்று நினைப்போம். எடுத்துப் படித்தால் அது ஒரு காதல் பாட்டு. மருகல் பெருமான் மேல் மனம் போய், அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி இளைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்காக வேறொருவர் நியாயம் கேட்கிறார்: ‘உடையாய், தகுமோ இவள் உண்மெலிவே?’ நீ செய்த வேலை, இவள் இப்படி உள்ளுக்குள் மெலிவது உனக்குத் தகுமா? மனதைப் பறிகொடுத்தவளின் பாட்டு, விஷம் இறக்கும் மந்திரமாக நிற்கிறது. சகோதரி கேட்ட இரண்டு அர்த்தமும் ஒரே பாட்டில் இருக்கின்றன. கல்யாணம் தள்ளிப்போகும் வீடுகளில் இன்றும் அதைப் பாராயணம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்கு இதை நடத்தும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் கொஞ்சம் கம்மும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அத்தை சொன்ன முதல் வாக்கியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது பாராட்டு. இங்கே “வசியமா இருக்கா” என்றால் பார்த்ததும் பிடித்துப்போகிற முகம், பேசினால் கேட்கத் தோன்றுகிற குரல் என்று அர்த்தம். நிறமோ உயரமோ அதில் சேராது. என் பாட்டி ஊரிலேயே அழகான பெண் ஒருத்தியைப் பார்த்து, “அழகு இருக்கு, வசியம் இல்ல” என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இன்னொன்றும் யோசியுங்கள். உங்களுக்கு ஜாதகம் பார்த்திருந்தால் பத்துப் பொருத்தத்தில் வசியப் பொருத்தமும் பார்த்திருப்பார்கள். மேஷ ராசிக்குச் சிம்மமும் விருச்சிகமும் வசியம் என்று ஒவ்வொரு ராசிக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது பலிக்குமா என்பது வேறு விஷயம். ஒருவர் மேல் ஒருவருக்கு ஈடுபாடு இருக்க வேண்டும் என்று குடும்பமே உட்கார்ந்து கேட்டு வாங்குகிற பொருத்தம் அது. கல்யாணத்துக்கு முன்னால் வசியம் இருக்கிறதா என்று பஞ்சாங்கம் பார்த்தவர்கள், கல்யாணத்துக்குப் பின்னால் அது இருப்பதைக் கண்டு கலங்குவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருகிற விஷயம்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் வினைச்சொல் மாறுகிறது. என் அனுபவத்தில் இந்த ஒரு அடையாளம் ஏமாற்றுவதில்லை. வசியம் ‘இருக்கு’ என்றால் அது குணம். வசியம் ‘வச்சா’, ‘பண்ணினா’, ‘போட்டா’ என்றால் அது செயல், செய்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கணக்குக் கேட்கலாம். மருந்து வச்சா, மை போட்டா, சொக்குப்பொடி தூவினா என்பதெல்லாம் இந்த வகை. பாதிக்கப்பட்டவரே தன் நிலையைச் சொன்னால் ‘சொக்கிப்போனேன்’, ‘மயங்கிட்டேன்’ என்பார். அங்கே குற்றவாளியே இல்லை. உங்கள் கணவர் தானாகச் சொக்கிப்போனார் என்று சொல்லலாம். நீங்கள் வைத்தீர்கள் என்றும் சொல்லலாம். நடந்தது ஒன்றுதான், வினையை மாற்றினால் பழி வந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்னச் சொல்லையும் விட்டுவிடக் கூடாது. பெரிய மாமியார் “வச்சா” என்று முடிக்கவில்லை, “வச்சாளோ” என்றார். அந்த ஓகாரம் சந்தேகத்துக்கும் வரும், வியப்புக்கும் வரும், கேலிக்கும் வரும். பேரனைப் பார்த்து “என்ன மாயம் பண்ணினியோ, தாத்தா உன்னை விட்டு நகர மாட்டேங்கிறார்” என்று சொல்வதில் மாயம் எங்கே இருக்கிறது? அதனால் அவர் சொன்னதைப் பழி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பந்தியில், நாலு பேர் காதில் விழும்படி, மகன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்ற குறையோடு சேர்த்துச் சொன்னதால் கொஞ்சம் ஆற்றாமை கலந்திருக்கும் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்.

மனம் போனதற்குக் காரணம் எங்கே என்று தெரியாமல் பெரியவர்கள் தடுமாறுவது புதிதும் இல்லை. நற்றிணையில் 34ஆம் பாட்டு. காதலால் மெலிந்துபோன மகளைப் பார்த்து, தெய்வம் அணங்கிவிட்டது, அதாவது பிடித்து வருத்துகிறது என்று நினைத்த தாய், வேலன் என்ற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு, அவன் சாமியாடுகிற வெறியாட்டு நடத்துகிறாள். முருகனும் கடம்பமாலை சூடி அங்கே வந்துவிடுகிறான். தோழி அந்தத் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை, முருகனிடமே பேசுகிறாள். இந்த நோய் மலைநாடன் மார்பால் வந்தது, உன் அணங்கால் வரவில்லை என்று உனக்கே தெரியும், தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்திருக்கிறாயே, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!’ கடவுளாகவே இருந்துகொள், ஆனாலும் நீ அறியாதவன்தான், வாழ்க! இத்தனை நூற்றாண்டு முன்பே ஒரு தோழிக்கு இவ்வளவு தெளிவு. ‘அணங்கு’ என்ற சொல்லும் நம் வசியம் மாதிரிதான். வருத்தும் தெய்வமும் அதுவே, மனதை வருத்தும் அழகும் அதுவே. திருக்குறளில் 1081ஆம் குறளில் காதலன் அவளைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘அணங்குகொல்’ என்பதுதான்.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் என் சித்தி. எழுபதுகளில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். சிரித்த முகம். சித்தப்பா அவரிடம் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். மூன்றாம் வருடம் வேலைக்காகத் தனிக்குடித்தனம் போனார்கள். உடனே மருந்து வைத்துவிட்டாள் என்ற பேச்சு வந்தது. இடுமருந்து என்று சொல்வார்கள், சோற்றிலோ பாலிலோ கலந்து கொடுப்பதாக. யாரும் சித்தியின் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையால் காபி வாங்கிக் குடிப்பதை மட்டும் நிறுத்தினார்கள். விசேஷ வீட்டில் எல்லாப் பெண்களும் சமையலறையில் இருக்கும்போது சித்திக்குப் பூக்கட்டும் வேலை வரும். மரியாதையாகத்தான் கொடுப்பார்கள். பிறகு பல வருடம் கழித்து, அந்தப் பேச்சைப் பேசியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும், சொந்த மகள் கல்யாணத்தில்கூடச் சித்தி பந்தியில் பரிமாற வரவில்லை. நான் கூப்பிட்டேன். “வேண்டாம்ப்பா, பழக்கமில்ல” என்றார்.

அதனால் இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் கணவருக்கு வயிற்றுவலியோ சோர்வோ வந்து, யாராவது மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போகலாம் என்று சொன்னால், நீங்களும் அவரும் சேர்ந்து மறுத்துவிடுங்கள். வாந்தி எடுக்கவைத்து ஒரு உருண்டையைக் காட்டி, இதுதான் வைத்த மருந்து என்பார்கள். அந்த உருண்டையைவிட, ‘வைத்தது யார்’ என்று அடுத்து வருகிற கேள்வி ஆபத்தானது. வயிற்றுவலிக்கு டாக்டரைப் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. மாமியாரை வசப்படுத்த, கணவரைத் தக்கவைக்க என்று தாயத்தும் பொடியும் விற்கிறவர்கள் போனிலேயே வருகிறார்கள். நோயைத் தீர்க்கும் என்று சொல்லித் தாயத்து, மந்திரம், கவசம் இவற்றை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. பொய் சொல்லிப் பணம் பறித்தால் அது தனியாக மோசடிக் குற்றம். குடிக்கவோ சாப்பிடவோ எதையாவது கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது, தொடாதீர்கள். குழந்தைக்குப் பயம் தெளிய தர்காவில் கயிறு கட்டுவது, மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பது என்று எங்கள் ஊர்களில் எல்லா மதத்தவரும் செய்கிறோம். அதை நான் இதோடு சேர்க்கவில்லை. அதில் யார் மேலும் பழி இல்லை.

கடைசியாக, பெரிய மாமியார் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது காபி போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக் குடித்து, சர்க்கரை கம்மி என்று குறை சொன்னால்கூடக் கவலையை விட்டுவிடுங்கள், அன்றைக்குப் பந்தியில் பேசியது வெறும் பேச்சு. டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தால், இரண்டு மூன்று முறை அப்படியே நடந்தால், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் அந்த டம்ளரை எடுத்து அவருடைய பெரியம்மா கையில் கொடுத்து, “குடிங்க பெரியம்மா, ஆறுது” என்று சொல்லட்டும். என் சித்தப்பா அதை ஒருநாளும் செய்யவில்லை.